நம் தீவின் ஈயும் தாவும் மரபணுவும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பயன்படும் ஒரு ‘தாவும் மரபணு’ நம் மொரீசியஸ் ஈயிடமிருந்துதான் முதன்முதலில் கிடைத்தது என்று எழுதிவிட்டு, அப்படியே அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வாசகர்கள் விடவில்லை. திரியோலேயிலிருந்து ரோஸ்பெல் வரை கடிதங்கள், வாட்ஸ்அப்பில் நீள நீளமாகக் குரல் பதிவுகள், ஒருவர் கொய்யாப் பழத்தைப் பிளந்து படமெடுத்து அனுப்பியிருக்கிறார், புழுவோடு. சரி, இந்த மாதம் முழுக்க ஈதான். சாப்பிட்டுக்கொண்டே இதழ் படிப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

கேள்வி (ஹெச்.எஸ்.சி. மாணவி, கத்ர் போர்ன்): ஐயா, எங்கள் வகுப்பில் தாவும் மரபணு என்றதும் மக்காச்சோளத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லி முடித்துவிட்டார்கள். ஈ எங்கே வந்தது? அதுவும் மொரீசியஸ் ஈ?

பதில்: மக்காச்சோளம் சரிதான் தங்கச்சி, கதை அங்கேதான் தொடங்குகிறது. 1940களில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் பார்பரா மெக்ளின்டாக் என்ற அம்மையார், ஒரே கதிரில் சில மணிகள் மட்டும் புள்ளியும் திட்டுமாக நிறம் மாறுவது ஏன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். குரோமோசோமில் ஒரு துண்டு இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி வேறு இடத்தில் போய் உட்கார்கிறது, உட்காரும் இடத்தில் இருக்கும் மரபணு கெட்டுப்போகிறது, மறுபடி கிளம்பினால் சரியாகிவிடுகிறது என்று கண்டார். 1950இல் கட்டுரையாக எழுதினார், 1951இல் கருத்தரங்கில் பேசினார். கேட்டவர்களில் பலருக்குப் புரியவில்லை, புரிந்தவர்களில் சிலர் நம்பவில்லை. நோபல் பரிசு கிடைத்தது 1983இல், அப்போது அவருக்கு 81 வயது.

இந்தத் துண்டுகளில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு. ஒன்று தன்னையே வெட்டி எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஆர்.என்.ஏ. வழியாக ஒரு நகல் எடுத்து, நகலை மட்டும் வேறு இடத்தில் சேர்க்கும். இரண்டுமே தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. தங்கியிருக்கும் உயிருக்கு நன்மையா தீமையா என்ற கவலை அதுகளுக்குக் கிடையாது. 1910இல் தாமஸ் ஹன்ட் மார்கன் கண்ட புகழ்பெற்ற வெள்ளைக்கண் ஈ உன் பாடத்தில் கட்டாயம் இருக்கும். பரம்பரைக் குணங்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்பதற்கு ஆதாரமாக நின்ற ஈ அது. பல பத்தாண்டுகள் கழித்து அந்த மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, ‘டாக்’ என்ற தாவும் துண்டு ஒன்று உள்ளே புகுந்து அதைக் கெடுத்திருந்தது தெரியவந்தது. டிரோசோபிலா என்ற இந்தச் சின்ன ஈ வகையில் தானாக வரும் கண்ணுக்குத் தெரிகிற சடுதிமாற்றங்களில் (மரபணுவில் திடீரென வரும் மாற்றங்களில்) பெரும்பங்கு இப்படித் துண்டு புகுந்ததால் வருவதுதான்.

இனி நம் ஊர்க்காரர். டிரோசோபிலா மொரிஷியானா என்ற இனத்தை 1974இல் சாக்காஸ், டாவித் என்ற இருவர் விவரித்துப் பெயர் வைத்தார்கள். மஞ்சளும் பழுப்புமாக, வெறும் கண்ணுக்கு மற்ற டிரோசோபிலாவிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆண் ஈயைக் குப்புறப் போட்டு வயிற்றின் நுனியை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிடிபடும். கலவியின்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் மடல் ஒன்று அங்கே உண்டு, அதன் நெருங்கிய உறவான சிமுலன்ஸ் ஈயில் அது அகலமாக இருக்கும், மொரிஷியானாவில் மெல்லிய விரல் மாதிரி நீண்டிருக்கும்.

1980களில் அமெரிக்காவில் டேனியல் ஹார்ட்லின் ஆய்வகத்தில் வளர்ந்த மொரிஷியானா ஈக்களில் செங்கண்ணுக்குப் பதிலாகப் பீச் பழ நிறத்தில் கண் உள்ள ஒரு வகை வந்தது. வெறும் நிறமாற்றம் என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சில ஈக்களின் கண்ணில் வெளிறிய பரப்புக்கு நடுவே சிவப்புத் திட்டுகள் இருந்தன, ஒரே கண்ணில், அங்கொன்றும் இங்கொன்றுமாக. அதாவது கண் வளரும்போதே சில செல்களில் மட்டும் அந்த மரபணு திருந்திக்கொண்டிருக்கிறது. 1986இல் அந்த இடத்தின் டி.என்.ஏ.வைப் படித்தபோது 1286 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று கண்நிற மரபணுவின் தலைப்பகுதியில் உட்கார்ந்திருந்தது. அது வெளியேறிய செல்களில் சிவப்பு திரும்பிவிடுகிறது. அதற்கு மாரினர் என்று பெயர் வைத்தார்கள். குடும்பமே அந்தப் பெயரில் இருக்கிறது இப்போது. தேடத் தேட ஏராளமான பூச்சிகளில், புழுக்களில், மனித டி.என்.ஏ.விலும்கூடச் செத்துப்போன பழைய பிரதிகளாக அகப்பட்டது. தாவுவதற்குத் தான் தயாரிக்கும் ஒரே ஒரு புரதம் போதும், தங்கியிருக்கும் உயிரின் தனிப்பட்ட உதவி தேவையில்லை என்பதால் எந்த உயிருக்குள்ளும் இது வேலை செய்கிறது. 1998இல் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் வெளி மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க இதையே வாகனமாக்கினார்கள். சர்க்கரை, டோடோ என்று நம் தீவின் பெருமைகளை அடுக்குகிறவர்கள் இதை ஏன் சேர்ப்பதில்லை என்று எனக்கு ஒரு சின்ன ஆதங்கம் உண்டு.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், ரெதுய்): வெளியே பிடித்த ஆண் ஈயைப் பழைய ஆய்வக வகைப் பெண் ஈயோடு சேர்த்தால் பிறப்பவை மலடு, ஆனால் ஆய்வக ஆணையும் வெளியே பிடித்த பெண்ணையும் சேர்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று படித்தேன். இரண்டு வழியிலும் மகள்களுக்கு ஒரே மரபணுக்கள்தானே போகின்றன? குழப்பமாக இருக்கிறது.

பதில்: குழம்பினால் நல்ல மாணவர் என்று அர்த்தம். மெண்டல் கணக்குப்படி இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இருக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு பேர் இதன் பின்னால் போனார்கள்.

1977இல் மார்கரெட் கிட்வெல், ஜேம்ஸ் கிட்வெல், ஜான் ஸ்வெட் மூவரும் ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்ற இனத்தில் இந்த விஷயத்தைத் தொகுத்து எழுதினார்கள். பிறக்கும் ஈக்களில் மலட்டுத்தன்மை மட்டுமல்ல, சடுதிமாற்றங்கள் கூடின, குரோமோசோம்கள் உடைந்தன, ஆண் ஈயில் வழக்கமாக நடக்கவே நடக்காத குரோமோசோம் பரிமாற்றம் நடந்தது. காரணம் பி-துண்டு என்று பிறகு தெரிந்தது, 2907 எழுத்து நீளம், வெட்டி ஒட்டும் கூட்டத்தைச் சேர்ந்தது. வெளியே பிடித்த ஈயில் அது பல பிரதிகள் இருக்கிறது, பழைய ஆய்வக ஈயில் ஒன்றுகூட இல்லை.

இதில் நான் திரும்பத் திரும்ப ரசிக்கும் இடம், அந்த மலட்டு ஈக்களின் தோற்றம். பறக்கும், தின்னும், கலவி செய்யும், சிறகிலோ கண்ணிலோ ஒரு குறையும் இருக்காது. வயிற்றைப் பிரித்துப் பார்த்தால் முட்டைப்பை இருக்க வேண்டிய இடத்தில் நூல் மாதிரி சுருங்கிய ஏதோ ஒன்று இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. உடம்பு முழுக்க அதே பி-துண்டு இருந்தும் முட்டையும் விந்தும் ஆகப்போகிற செல்களில் மட்டும் ஏன் அழிவு? பி-துண்டின் செய்தியில் நான்கு பகுதிகள், நடுவே மூன்று இடைவெளிப் பகுதிகள். மூன்றாவது இடைவெளி இனச்செல்லில் மட்டும்தான் சரியாக வெட்டி நீக்கப்படுகிறது. அதனால் தாவவைக்கும் முழுப் புரதம் அங்கே மட்டும் உருவாகிறது. மற்ற செல்களில் அந்த இடைவெளி அப்படியே இருந்துவிடுவதால் பாதியில் நின்றுபோன புரதம்தான் வருகிறது, அது தாவலை அடக்கவும் செய்கிறது. துண்டின் பக்கத்திலிருந்து யோசித்தால் இது நல்ல ஏற்பாடு. சிறகுச் செல்லில் தாவி என்ன கிடைக்கும்? அடுத்த தலைமுறைக்குப் போகிற செல்லில் தாவினால்தானே லாபம்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 29 டிகிரியில் வளர்த்தால் கிட்டத்தட்ட எல்லா மகள்களுக்கும் முட்டைப்பை அழிந்துவிடும், 20 டிகிரி வாக்கில் வளர்த்தால் அதே கலப்பில் பெரும்பாலானவை தப்பிக்கும். கியூர்பிப் குளிரில் ஒரு புட்டியும் போர்ட் லூயி கோடையில் ஒரு புட்டியும் வைத்தால் ஒரே பெற்றோருக்கு இரண்டு விதமான பிள்ளைகள் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. மகள்களுக்குப் போகும் குரோமோசோம் இரண்டு வழியிலும் ஒன்றுதான், ஆனால் முட்டை ஒன்றல்ல. தகப்பனிடமிருந்து வரும் விந்து ஏறக்குறைய வெறும் டி.என்.ஏ. பொட்டலம். தாய் தரும் முட்டையில் டி.என்.ஏ.வோடு சேர்த்துப் புரதம், ஆர்.என்.ஏ., சத்து எல்லாம் நிரம்பிக் கிடக்கிறது. பி-துண்டோடு பழகிய தாய், அந்தத் துண்டின் வரிசைக்குப் பொருந்துகிற மிகச் சிறிய ஆர்.என்.ஏ.க்களை, 23 முதல் 29 எழுத்து நீளமுள்ளவற்றை, முட்டைக்குள் வைத்து அனுப்புகிறாள். பீவி என்ற புரதக் கூட்டம் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பொருந்துகிற செய்தி எங்கே கிளம்பினாலும் அதை வெட்டிப்போடும், துண்டு இருக்கும் இடத்தையே பூட்டியும் விடும். கல்யாண மண்டப வாசலில் நிற்கிற பெரியப்பாவுக்கு யார் அழையாத ஆள் என்று முகம் தெரிந்திருப்பதுபோல. ஆய்வக வகைத் தாய்க்கு பி-துண்டை முன்பின் தெரியாது, அவள் முட்டையில் அந்த முகம் தெரிந்த ஆள் இல்லை. தகப்பன் வழியாகத் துண்டு உள்ளே வருகிறது, தடுக்க யாருமில்லை, வெட்டி வெட்டி ஒட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு வெட்டிலும் டி.என்.ஏ. உடைகிறது, உடைந்த இனச்செல்கள் செத்துப்போகின்றன. தாய் வழியாக இப்படிச் சின்ன ஆர்.என்.ஏ. காவல் இறங்குகிறது என்பதை 2008இல் ஜூலியஸ் பிரெனெக்கேயும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள், கிட்வெல்லின் கட்டுரைக்கு 31 ஆண்டுகள் கழித்து.

பி-துண்டுக்கு முன்பே, 1970களில், பிரான்சில் இதேபோல் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஐ-துண்டு, நகல் எடுக்கும் கூட்டம். அங்கேயும் தகப்பன் வழியாக வந்தால்தான் வம்பு. ஆனால் அறிகுறி வேறு: மகள் ஈ முட்டையிடும், முட்டை பொரிக்காது, கரு ஆரம்பத்திலேயே நின்றுவிடும். பரீட்சையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கவனிப்பதில்லை. மலட்டு மகள்கள் எல்லாமே சாகும்வரை மலடு இல்லை. 2011இல் வந்த ஆய்வில், பிறந்து சில நாளே ஆன கலப்பு ஈக்கள் முட்டையே இடாமல் இருந்து, மூன்று வாரம் ஆனபோது மறுபடி முட்டையிட ஆரம்பித்தன. ஈக்கு மூன்று வாரம் என்றால் நடுத்தர வயது. அதற்குள் அவை தகப்பன் வழி வந்த துண்டுகளிலிருந்தே பி-துண்டுக்கு எதிரான சிறு ஆர்.என்.ஏ.க்களைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. தாய் தராததைத் தானே செய்துகொண்டது ஈ.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், வாக்குவா): பழைய ஆய்வக ஈயில் அந்தத் துண்டு இல்லை, வெளியே இருக்கும் ஈயில் உண்டு என்கிறார்கள். ஆய்வகத்தில் தொலைந்துபோனதா, வெளியே புதிதாக வந்ததா?

பதில்: புதிதாக வந்தது ஐயா. தொலைந்திருக்கும் என்றுதான் முதலில் சிலர் வாதாடினார்கள், நியாயமான சந்தேகம்தான். ஆனால் உலகின் பல ஊர்களில் பல ஆண்டுகளில் பிடித்து வளர்த்த வகைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், 1950க்கு முன் பிடித்தவற்றில் பி-துண்டு இல்லை, 1970களின் கடைசியில் வெளியே பிடித்த எதைப் பார்த்தாலும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குள் ஓர் உலகளாவிய இனம் முழுக்கப் பரவியிருக்கிறது.

எங்கிருந்து என்றால், தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம் வாழும் டிரோசோபிலா வில்லிஸ்டோனி என்ற இன்னொரு ஈயிடமிருந்து. இரண்டுக்கும் பொது மூதாதை பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால், கலந்து பிள்ளை பெறவே முடியாது. ஆனால் இரண்டிலும் உள்ள பி-துண்டை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் 2907இல் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. பரம்பரையாக வந்திருந்தால் இப்படி இருக்க வழியே இல்லை. எப்படித் தாண்டியது என்பதற்கு 1991இல் ஒரு யோசனை வந்தது. ஈ முட்டைகளைக் குத்திக் குடிக்கும் ஒரு சிற்றுண்ணி உண்டு, ஓர் இனத்தின் முட்டையில் வாய் வைத்துவிட்டு உடனே அடுத்த இனத்தின் முட்டையில் வைத்தால் ஊசி போட்ட மாதிரி டி.என்.ஏ. போய்ச் சேரலாம். உண்ணியால் முடியும் என்று காட்டினார்கள், அதுதான் செய்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. பிறகு 2015இல் வெளியான ஆய்வில், இதே பி-துண்டு சிமுலன்ஸ் ஈக்குள்ளும் புகுந்து பரவிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதாவது நம் கண்முன்னாலேயே இரண்டாவது படையெடுப்பு.

இவ்வளவு வம்பு செய்த துண்டை 1982இல் ஜெரால்ட் ரூபினும் ஆலன் ஸ்பிராட்லிங்கும் வேலைக்காரனாக்கிக்கொண்டார்கள். தாவும் புரதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்களுக்கு வேண்டிய மரபணுவை வைத்து ஈயின் கருவுக்குள் செலுத்தினார்கள். கண்நிறம் கெட்ட ஈக்களின் வம்சத்தில் நிறம் திரும்பியது. டிரோசோபிலா ஆராய்ச்சி அதற்குப் பிறகு எடுத்த வேகத்தில் பாதி இந்தத் துண்டின் புண்ணியம்.

கேள்வி (பெயர் வேண்டாம், ஒரு தாய்): என் மகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. தைப்பூசத்துக்குக் காவடியும் எடுத்தாயிற்று. சம்பந்தி வீட்டில் ‘தாய் வழிக் கோளாறு’ என்கிறார்கள். ஈக்களை மலடாக்கும் துண்டைப் பற்றி எங்கோ படித்துவிட்டு மருமகனின் அக்கா, ‘பார், அதில்கூட அப்படித்தான் போட்டிருக்கிறது’ என்கிறாள். அந்த மாதிரித் துண்டு எங்களுக்கும் உண்டா?

பதில்: அக்கா, மருமகனின் அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். முதலில் ஈயின் கணக்கையே அவர் தலைகீழாகப் படித்திருக்கிறார். வம்பு செய்யும் துண்டு வருவது தகப்பன் வழியாக. தாய் தருவது காவல்.

இரண்டாவது, மனிதரில் பி-துண்டு விவகாரம் கிடையாது. நம் டி.என்.ஏ.வில் கிட்டத்தட்டப் பாதி, தாவும் துண்டுகளிலிருந்து வந்ததுதான், ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெகு காலத்துக்கு முன்பே அசைவற்றுப் போனவை. உங்களுக்கும் இருக்கிறது, சம்பந்திக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. இன்னும் தாவக்கூடியது எல்-1 என்ற கூட்டத்தில் கொஞ்சம். அது புதிதாக ஒரு மரபணுவில் போய் உட்கார்ந்து நோய் வந்ததற்கு உதாரணம் உண்டு. 1988இல் ஹெய்க் கசாசியன் குழு, இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயுள்ள இரண்டு பேரில் அப்படிக் கண்டது. ஆனால் அது அபூர்வம், குழந்தை இல்லை என்று வருகிற தம்பதியிடம் மருத்துவர் தேடுகிற முதல் பத்துக் காரணங்களில் அது இருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னபடி, வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்க்கையில் எப்போதாவது இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார். ஏறக்குறையப் பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. அதனால் பரிசோதனைக்குப் போவதானால் இருவரும் சேர்ந்து போக வேண்டும், ஆணுக்குச் செய்வது எளிய விந்துப் பரிசோதனை, அதை முதலிலேயே முடித்துவிடலாம். நான்கு வருடம் காத்திருந்தது போதும், ஒரு வருடம் முயன்றும் ஆகவில்லை என்றாலே போகலாம் என்பதுதான் வழக்கமான அளவு, பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டிவிட்டால் ஆறு மாதம். மகளை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்.

கேள்வி (தோட்டக்காரர், ஃப்ளாக்): உங்கள் ஈப் புராணம் இருக்கட்டும். என் கொய்யாவும் மாம்பழமும் உள்ளுக்குள் புழுத்துப்போகின்றன. மலட்டு ஈயை விட்டால் சரியாகும் என்கிறார்களே, அது இந்தத் துண்டை வைத்தா?

பதில்: படம் அனுப்பியவர் நீங்கள்தான் போலிருக்கிறது. அண்ணே, உங்கள் பழத்தைக் கெடுப்பது நான் மேலே எழுதிய ஈயே இல்லை. டிரோசோபிலா சின்னது, அழுகத் தொடங்கிய பழத்தின் புளிப்பைத் தேடி வருவது, வாழைப்பழத் தட்டின்மேல் வட்டமடிக்குமே அதுதான். உங்கள் எதிரி அதைவிடப் பெரிய ஈ, சிறகில் கோடும் புள்ளியும் இருக்கும், பெண் ஈக்குப் பின்னால் ஊசி மாதிரி ஒன்று உண்டு, அதை வைத்து நல்ல பழத்தின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். மாம்பழம் கொய்யாவுக்குப் பீச் பழ ஈ, பூசணி வெள்ளரிக்குச் சுரை ஈ என்று நம் தீவில் பல வகை. இரண்டு குடும்பத்தையும் பழ ஈ என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது.

மலட்டு ஈ விடும் முறைக்குத் தாவும் துண்டு தேவையில்லை. கதிர்வீச்சு போதும். கூட்டுப்புழுவாக இருக்கும்போது, ஈயாக வெளிவருவதற்கு ஓரிரு நாள் முன்பு, கோபால்ட்-60 போன்றவற்றின் காமாக் கதிரில் காட்டுகிறார்கள். விந்தில் உள்ள குரோமோசோம்கள் உடைந்துபோகும். ஈ பறக்கும், துணை தேடும், கலவியும் செய்யும், அதன் விந்து பட்ட முட்டை பொரிக்காது. எக்ஸ் கதிர் சடுதிமாற்றம் உண்டாக்கும் என்று 1927இல் ஹெர்மன் மல்லர் காட்டியதும் டிரோசோபிலாவில்தான், ஆக என் ஈக்கும் இதில் பங்கு உண்டு. எட்வர்ட் நிப்லிங் இந்த யோசனையை வளர்த்து, 1954இல் கியூரசாவ் தீவில் கால்நடையைத் தின்னும் புழு ஈயை இப்படியே ஒழித்துக் காட்டினார். ஜப்பானின் ஒகினாவாப் பகுதியில் சுரை ஈயை 1993இல் முற்றாக ஒழித்ததும் இதே முறை. தீவுகளில் இது நன்றாக எடுபடுவதற்குக் காரணம் எளிது: சுற்றிலும் கடல், வெளியிலிருந்து புது ஈ சுலபமாக வந்து சேராது.

ஆனால் இது ஒரு தோட்டக்காரர் தனியாகச் செய்கிற காரியம் இல்லை. வாரா வாரம் கோடிக் கணக்கில் ஈ வளர்க்கும் கூடம் வேண்டும், ஆண் பெண் பிரிக்க வேண்டும். மத்தியதரைப் பழ ஈயில் அதற்கென்றே ஒரு வகை வளர்த்திருக்கிறார்கள், பெண் கூட்டுப்புழு வெள்ளை, ஆண் பழுப்பு, முட்டைகளைக் கொஞ்சம் சூடாக்கினால் பெண் மட்டும் செத்துப்போகும். சடுதிமாற்றம் பூச்சிக்குக் கேடு, நமக்கு ஆதாயம். அந்த மத்தியதரைப் பழ ஈக்குள் வெளி மரபணுவை முதலில் சேர்த்தது 1995இல், அதற்கு வாகனம் மினோஸ் என்ற தாவும் துண்டு, மாரினருக்குத் தூரத்துச் சொந்தம்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது: விழுந்த பழத்தை மரத்தடியில் விடாதீர்கள், அதுதான் அடுத்த தலைமுறையின் தொட்டில். பொறுக்கி எடுத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். காய் பருவத்திலேயே காகிதப் பையோ வலைப் பையோ கட்டுங்கள். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி பீச் பழ ஈயின் ஆண்களை இழுக்கும், சுரை ஈக்கு அது பயன்படாது, அதற்குக் கியூ-லூர். பக்கத்துத் தோட்டக்காரரையும் இதில் சேர்க்காவிட்டால் உங்கள் உழைப்பில் பாதி வீண்.

கேள்வி (கல்லூரி மாணவன், ரோஸ்ஹில்): நம் மொரிஷியானாவை வேறு ஈயோடு சேர்த்தால் என்ன ஆகும்? அங்கேயும் பி-துண்டுதான் காரணமா?

பதில்: இல்லை தம்பி, அது வேறு கதை. மொரிஷியானாவையும் சிமுலன்ஸையும் சேர்த்தால் மகள்களுக்கு முட்டை வரும், மகன்கள் மலடு. கலப்பில் எக்ஸ்-ஒய் உள்ள பாலினம்தான் முதலில் அடிபடும் என்று 1922இல் ஹால்டேன் சொன்ன விதிப்படி. இங்கே துண்டு தாவுவதால் இல்லை, இரண்டு இனங்களும் பிரிந்த பிறகு தனித்தனியே மாறிப்போன மரபணுக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால். எக்ஸ் குரோமோசோமில் ஒடிசியஸ் என்ற மரபணு அதில் ஒன்று என்று 1998இல் கண்டார்கள், மொரிஷியானாவின் பிரதி சிமுலன்ஸ் உடம்புக்குள் போனால் விந்து உருவாவது கெடுகிறது, கூட இன்னும் சில மரபணுக்களும் சேர்ந்து. மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ் இரண்டுக்கும் நடுவே இன்னும் விசித்திரம்: விந்து அசைவதற்குத் தேவையான ஒரு மரபணு ஒன்றில் நான்காவது குரோமோசோமில் இருக்கிறது, இன்னொன்றில் மூன்றாவதில். பின் தலைமுறையில் இரண்டையும் வாங்காமல் பிறக்கும் ஆணுக்கு அந்த மரபணுவே இருக்காது. எந்த எழுத்தும் கெடவில்லை, இடம் மாறியது மட்டும்தான். இது 2006இல் வெளியானது.

கேள்வி (அதே மாணவன்): வீட்டில் அந்த ஈயைப் பிடித்துப் பார்க்கலாமா?

பதில்: பிடிக்கலாம். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை மசித்துக் கொஞ்சம் ஈஸ்ட் தூவி ஒரு புட்டியில் போட்டு, காகிதக் கூம்பை வாயில் செருகி, மரநிழலில் வை. ஓரிரு நாளில் உள்ளே சின்ன ஈக்கள் சேரும். வருவது எல்லாம் மொரிஷியானாவாக இருக்காது, பெண்ணைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் ஆண்களை மட்டும் எடுத்து வயிற்று நுனியைப் பார், விரல் மடல் இருந்தால் அதுதான். புட்டியைச் சமையலறைக்குள் மட்டும் கொண்டுபோகாதே, பத்து நாளில் அடுத்த தலைமுறை வெளிவந்துவிடும், அப்புறம் உன் அம்மா எனக்குக் கடிதம் எழுதுவார்.